முதியோர் இல்லத்து மருந்து மேசை

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு நடுவே இரவில் விளக்கெரியும் வீடு ஒன்றைக் கண்டால், அதற்குள் இருப்பவர் பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டிய ஒருவராகவோ, அவரும் அவர் மனைவியுமாகவோ இருப்பதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் யுத்தத்தோடு ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் இருந்து கிளம்பிய சனங்களில் ஒரு பகுதியினரே பிற்காலத்தில் திரும்பி வந்தனர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் குடும்பமாகி வேரூன்றிவிட, காணியையும் கிணற்றையும் கோயிலையும் பிரிய மனமில்லாத தாய் தகப்பன்மார் இங்கே முதுமை எய்தினர். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் நிலைமை அதுவேதான்: 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதை எட்டியவர்கள். அந்த விகிதம் அதன்பின்னும் ஏறிக்கொண்டே போகிறது.

இப்படித் தனித்திருக்கும் முதியவருக்கு மாதத்தில் ஒரு நாள் தவறாத கடமை ஒன்று உண்டென்றால் அது கிளினிக்குக்குப் போவது. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலோ, நெடுந்தீவு, நயினாதீவுப் பிரதேச வைத்தியசாலைகளிலோ கிளினிக் கொப்பியைக் கொடுத்து, பிறஷர் பார்த்து, சீனி பார்த்து, ஒரு மாதத்துக்கான குளிசைகளைக் கடதாசி உறைகளில் இலவசமாகப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிற அந்த மனிதர், மருந்துகளின் பெயரை அறியாவிட்டாலும் அவற்றின் நிறத்தையும் பருமனையும் அவை உண்ணும் வேளையையும் தம் விரல் நுனியில் வைத்திருப்பார். அவருடைய முறை குறைபாடுடையதாயினும் அது அவருடைய முறை. வேறொருவர் தவறான குளிசையைக் கையில் கொடுத்தால், "இது என்ர இல்லை" என்று உடனே சொல்லிவிடுவார். அவரே நினைவு தளர்ந்து, பார்வை மங்கி, முதியோர் இல்லம் ஒன்றில் சேர்க்கப்படும் தினத்தில், அந்தக் கடைசிக் காவலும் நீங்கிவிடுகிறது. அன்றுமுதல் எழுதுபவர் ஒருவர், வழங்குபவர் ஒருவர், வாங்கி வருபவர் ஒருவர், வாயில் கொடுப்பவர் ஒருவர்; விழுங்குபவர் மட்டும் ஒன்றும் அறியாதவர். முதியோர் இல்லங்களில் மருந்தினால் நேரும் தீங்குகளில் பெரும்பகுதி அறியாமையால் விளைவதன்று, கருணைக் குறைவால் விளைவதுமன்று. ஒரு கை மறு கைக்கு மாற்றும் இடத்தில், முழுப் பட்டியலுக்கும் தாமே பொறுப்பு என்று சொல்ல ஒருவர் இல்லாமையால் விளைவது.

இது வெறும் அபிப்பிராயமன்று. பிரித்தானியாவில் லீட்ஸ், சரே, லண்டன் சர்வகலாசாலைகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 55 பராமரிப்பு இல்லங்களுக்குச் சென்று 256 முதியவர்களின் மருந்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒருவருக்குச் சராசரி 8 மருந்துகள். அவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேருக்கு ஏதேனும் ஒரு பிழையாவது நேர்ந்திருந்தது. பயிற்சி பெற்ற தாதியரும் அச்சிட்ட படிவங்களும் பூட்டிய தள்ளுவண்டிகளும் உள்ள தேசத்தின் கதை இது. இதில் கவனிக்கத்தக்க விசேஷம் என்னவென்றால், பழியை ஒருவர் தலையில் சுமத்த முடியாதபடி, வைத்தியர் எழுதியதில் சில, மருந்தாளர் வழங்கியதில் சில, இரத்தப் பரிசோதனை செய்து கண்காணிக்கத் தவறியதில் சில, இல்லத்தார் கொடுத்ததில் சில எனப் பிழைகள் எல்லோரிடத்தும் பரந்து கிடந்தன. முழு ஒழுங்குக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அந்த ஆய்வாளர்களின் பிரதான சிபாரிசு. ஐக்கிய அமெரிக்காவில் தாதியர் இல்லவாசிகளின் மருந்துப் பட்டியலை மருந்தாளர் ஒருவர் மாதந்தோறும் பார்வையிடவேண்டும் என்ற விதி 1974ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோர் இல்லங்களைப் பதிவு செய்யும்படி கூறுகிறது. யாழ்ப்பாணத்தில் முதியோர் இல்லம் என்றதும் பலருக்கு நினைவில் எழும் கைதடி அரச இல்லம் வட மாகாணச் சமூக சேவைத் திணைக்களத்தின் பரிபாலனத்தில் இருக்கிறது. சமயச் சபைகளும் தருமஸ்தாபனங்களும் நடத்தும் சிறிய இல்லங்கள் பலவும் உண்டு. பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குவது நல்லதே. ஆயினும் இரவு ஏழு மணிக்கு எந்தக் குளிசை எந்த வாய்க்குள் போகிறது என்பதைச் சான்றிதழ் தீர்மானிப்பதில்லை.

அந்த ஏழு மணியைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். முப்பது பேர் வசிக்கும் இல்லம், பராமரிப்புக்கு இருவர், அவர்களில் ஒருத்தி இடியப்பமும் சொதியும் பரிமாறிக்கொண்டிருக்க, மற்றவள் மாலையிலேயே சிறு பிளாஸ்ரிக் கிண்ணங்களில் எடுத்து வைத்துவிட்ட குளிசைகளைத் தட்டோடு ஏந்திக்கொண்டு மண்டபத்துக்குள் வருகிறாள். கிண்ணத்தில் பெயரில்லை, இருக்கை வரிசைதான் அடையாளம். அன்றைக்கென்று இரண்டு முதியவர்கள் தொலைக்காட்சி பார்க்க இடம் மாறி இருந்துவிடுகின்றனர். "அப்பு, குளிசை போட்டியளோ?" என்று அவள் கேட்கிறாள். "போட்டன் பிள்ளை" என்கிறார் அவர். அவர் போட்டது காலைக் குளிசையா, நேற்றைய இரவுக் குளிசையா என்பது அவருக்கும் தெரியாது. அவள் நம்பிக்கையோடு கொப்பியில் ஒரு சரி அடையாளம் இடுகிறாள். அடுத்த கட்டிலின் ஆச்சி குளிசையை நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்திருந்து பிறகு சேலைத் தலைப்பில் முடிந்துகொள்கிறாள். அவளுடைய பெயருக்கு நேரேயும் சரி அடையாளம் விழுகிறது. மறுநாள் வைத்தியர் பார்க்கும்போது ஆச்சியின் பிறஷர் கூடியிருக்கும், பட்டியலோ அவள் மருந்தை ஒழுங்காக உண்டாள் என்று சாட்சி சொல்லும், அளவு இரட்டிக்கப்படும்.

இந்தக் காட்சியில் கொடியவர் எவருமிலர். ஆனால் நான்கு பிழைகள் உள. குளிசைகளை முன்கூட்டியே உறையிலிருந்து பிரித்துப் பெயரற்ற கிண்ணத்தில் இட்டது முதலாவது; உறையில் இருக்கும்வரைதான் மருந்துக்குப் பெயரும் அளவும் உரியவரும் உண்டு. ஆளை இடத்தைக்கொண்டு அடையாளம் கண்டது இரண்டாவது. புகைப்படம் ஒட்டிய தாள் ஒன்று ஒவ்வொருவருக்கும் இருந்தால், புதிதாய் வேலைக்கு வந்த பிள்ளைகூட இதைத் தவிர்க்கலாம். "போட்டியளோ" என்று கேட்டு விடையை நம்பியது மூன்றாவது. விழுங்கியதைக் காணாமல் குறித்தது நான்காவது. பிரித்தானியாவின் நைஸ் என்னும் சுகாதார நிறுவகம் பராமரிப்பு இல்லங்களுக்கென்றே 2014 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டி, சரியான ஆள், சரியான மருந்து, சரியான வழி, சரியான அளவு, சரியான நேரம் என ஐந்தைச் சொல்லி, ஆறாவதாக, வேண்டாம் என்று மறுக்கும் உரிமை அந்த முதியவருக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகையால் கொப்பியில் சரி அடையாளம் ஒன்றே போதாது. மறுத்தார், வாந்தியெடுத்தார், ஆஸ்பத்திரியில் இருந்தார், மருந்து தீர்ந்துவிட்டது என்பவற்றுக்கும் தனித்தனி எழுத்துக் குறி வேண்டும். வெறுமையாக விடப்பட்ட கட்டம் ஒன்றே மிக அபாயமானது, ஏனெனில் இரவு வேலைக்கு வருபவள் அதைக் கொடுக்கவில்லை என்று எண்ணி மறுபடி கொடுத்துவிடுவாள்.

மாதம் முழுவதற்குமான கட்டங்கள் வரைந்த இத்தாளுக்கு ஒரு ரூபாய்ச் செலவும் அதிகமில்லை. பள்ளிக்கூடத்துச் சதுரக் கொப்பியே போதும். அதைக்கொண்டு சாதிக்கக்கூடிய காரியங்களோ மிகப் பல. மூட்டு வாதத்துக்குத் தரப்படும் மெதொட்ரெக்சேற் வாரத்துக்கு ஒரு தரம் மாத்திரம் உண்ணவேண்டிய மருந்து. நாள்தோறும் உண்டால் எலும்பு மச்சையைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும். இவ்வகை மரணங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. வாரத்தில் ஆறு கட்டங்களையும் முன்னதாகவே சிவப்பு மையால் குறுக்குக் கோடிட்டு அடைத்து, செவ்வாய் என்ற கட்டத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டால் அவசரத்திலும் அந்தப் பிழை நேராது. தைரொயிட் மருந்தை விடியற்காலைத் தேநீருக்கு அரைமணி முன்பு வெறும் வயிற்றில் கொடுக்கவேண்டும். எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேற்றை உண்டபின் அரைமணி நேரம் நிமிர்ந்திருக்கவேண்டும், சாய்ந்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோப்பா அரைமணி பிந்தினாலும் கைகால்கள் விறைத்துப்போகும். எல்லோருக்கும் எல்லாவற்றையும் சாப்பாட்டு மணி அடிக்கும்போது கொடுப்பது இல்லத்தாருக்குச் சௌகரியமாய் இருக்கலாம். மருந்துகளுக்கு அந்த மணியோசை கேட்பதில்லை.

அந்தத் தாள் தமிழில் இருக்கவேண்டும். கிளினிக் கொப்பியில் வைத்தியர் பி.டி., ரி.டி.எஸ்., நொக்ரே என லத்தீன் சுருக்கங்களில் எழுதுவது உலக வழக்கு. அதைப் பராமரிப்பாளர் தம் ஊகத்தால் வாசிப்பது நம்மூர் வழக்கு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே போதித்து, நூல்களையும் தமிழாக்கி, 1873இல் தாயகம் திரும்பினார். அங்கங்களின் இயல்பையும் சத்திர சிகிச்சையையும் அக்காலத்திலேயே தமிழில் கற்பித்த ஒரு பிரதேசத்தில், காலை ஒன்று, இரவு ஒன்று என்பதைத் தமிழில் எழுதிவைக்கச் சோம்பல்படுவதற்கு நியாயம் யாதொன்றும் இல்லை.

பெயர்க் குழப்பம் இன்னொரு பெரும் சங்கடம். ஒரே மருந்து பொதுப்பெயர் ஒன்றும் வியாபாரப் பெயர் பலவும் தாங்கித் திரிவதை எதிர்த்து இந்நாட்டில் முதன்முதலாகப் பெரும் போராட்டம் நடத்தியவர் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. 1920இல் பிறந்து 1977இல் கயானாவில் காலமான அவர், வைத்தியர் விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அளித்த அறிக்கையின் பயனாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்தெடுத்து, பொதுப்பெயரில், குறைந்த விலைக்கு இறக்குமதி செய்வது அவர் கொள்கை. உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அவர் காலமான அதே 1977இல்தான். செலவுச் சிக்கனத்துக்காகச் சொல்லப்பட்டதாகவே பலரும் அக்கொள்கையை நினைவில் வைத்திருக்கின்றனர். முதியோர் இல்லத்து மேசையருகே நின்று பார்த்தால் அதனுள் உயிர்ப்பாதுகாப்பு ஒன்றும் அடங்கியிருப்பது விளங்கும். ஆஸ்பத்திரி உறையில் லொசார்ட்டன் என்றிருக்கிறது. சுகமில்லாதபோது தனியார் வைத்தியர் எழுதிக் கொடுத்த பெட்டியில் ஏதோவொரு வியாபாரப் பெயர். கனடாவிலிருந்து மகள் அன்போடு அனுப்பிய பொதியில் மூன்றாவது ஒரு பெயர். மூன்றும் ஒன்றே என்று அறியாமல் மூன்றையும் கொடுத்தால் தாயார் எழும்பும்போதே மயங்கி விழுவார். பனடோல் கொடுத்தபின் தடிமனுக்கென்று கொடுக்கும் கூட்டு மருந்திலும் அதே பரசிற்றமோல் ஒளிந்திருக்கும். ஆகவே இல்லத்துத் தாளில் வியாபாரப் பெயரை ஒருபோதும் தனியே எழுதலாகாது. வெளிநாட்டுப் பொதி எதுவாயினும் மருந்தாளர் ஒருவர் பார்த்துப் பொதுப்பெயர் எழுதித் தரும்வரை அது அலுமாரிக்குள் போகக்கூடாது. பிள்ளைகளின் மனம் நோகும் என்று அஞ்சி வாங்கி வைத்துக்கொள்வது தாட்சண்யம். அதனால் கேடு வருமாயின் அத்தாட்சண்யம் யாருக்குப் பிரயோஜனம்?

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதே சங்கடத்தின் வேறொரு முகத்தைக் காட்டியது. ஐம்பது மில்லிகிராம் குளிசை இல்லாதபோது இருபத்தைந்து மில்லிகிராமில் இரண்டு கொடுப்பார்கள், சரிதான். சில மாதங்கள் கழிந்து ஐம்பது திரும்பி வருகையில், இரண்டு கொடுத்துப் பழகிய கை இரண்டே கொடுக்கும். ஒவ்வொரு மாதமும் புதிய உறைகள் வந்ததும் பழைய தாளைப் பார்த்து எழுதாமல் உறையைப் பார்த்துப் புதிதாக எழுதி, இன்னொருவர் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டால் இது பிடிபட்டுவிடும்.

இவையெல்லாம் கொடுப்பதில் நேரும் தவறுகள். இவற்றினும் நுட்பமானதும், மிகுந்த நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதுமான தவறு ஒன்று உண்டு. அது மருந்துக்கு மருந்து சேர்வது. எழுபத்தெட்டு வயதான ஓர் அம்மையாரை உதாரணமாகக் கொள்வோம். இரத்த அழுத்தத்துக்கு அவருக்கு அம்லோடிப்பின் தரப்படுகிறது. நல்ல மருந்து, இரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைத் தணிப்பது. அப்படி விரிவதனாலேயே சிலருக்குக் கணுக்காலில் நீர் கசிந்து வீங்கும். வீக்கத்தைக் கண்ட இன்னொரு கிளினிக்கில், அதன் மூலத்தை விசாரிக்க நேரமில்லாமல், நீர் போவதற்கு புரூசமைட் எழுதப்படுகிறது. வீக்கம் பெரிதாக வற்றவில்லை, ஏனெனில் அது உடம்பில் நீர் மிகுந்ததால் வந்த வீக்கமன்று. ஆனால் அம்மையார் அடிக்கடி எழுந்து மலசலகூடத்துக்குப் போகத் தொடங்குகிறார். சில மாதங்களில் இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் சிவந்து நோகிறது; நோவுக்கு டைக்குளோபினாக். அதுவோ சிறுநீரகத்தை வருத்தி உடலில் உப்பைத் தேக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது. அடுத்த கிளினிக்கில் பிறஷர் கூடியிருப்பதைக் கண்டு அம்லோடிப்பின் ஐந்திலிருந்து பத்தாகிறது. கால் மேலும் வீங்குகிறது. டைக்குளோபினாக்கினால் வந்த வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல், புரட்டும் தலைச்சுற்றுக்குப் புரோகுளோர்பெரசின், அதனால் கைநடுக்கம், நடுக்கத்தைப் பார்க்கின்சன் நோயென எண்ணி அதற்குமொரு மருந்து. ஒவ்வொரு வைத்தியரும் தம்முன் இருந்த உபத்திரவத்துக்கு நியாயமான சிகிச்சையே செய்திருக்கிறார். முதல் நாளிலேயே, இந்த வீக்கம் ஒரு மருந்தின் விளைவாய் இருக்கலாமோ என்று ஒருவர் சந்தேகித்திருந்தால் ஒரு குளிசையை மாற்றுவதோடு காரியம் முடிந்திருக்கும். இச்சங்கிலிக்கு 1990களில் பெயரிட்டு வைத்திய உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள் போலா ரொக்கன், ஜெரி குர்விற்ஸ் என்ற இரு முதியோர் வைத்திய நிபுணர்கள். அவர்கள் தந்த சூத்திரம் சுருக்கமானது: முதியவரிடம் எந்தப் புதிய நோய்க்குறி தோன்றினாலும், அது மருந்தினால் வந்ததன்று என்று நிரூபணமாகும்வரை மருந்தையே சந்தேகி.

இதற்குச் சரீரவியல் ஆதாரமும் உண்டு. வயது ஏற ஏறச் சிறுநீரகம் மருந்தைக் கழிக்கும் வேகம் குறைகிறது. உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. மூளை மயக்க மருந்துகளுக்கு எளிதில் வசப்படுகிறது. ஐம்பது வயதில் பொருந்திய அளவு எண்பதில் நஞ்சாவது இதனால்தான். மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் 1991இல் தாதியர் இல்லவாசிகளுக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியலொன்றைத் தொகுத்தார். அது இன்றும் காலத்துக்குக் காலம் புதுக்கப்பட்டு அவர் பெயராலேயே வழங்குகிறது. அதில் நம் வீடுகளின் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார். பிரிட்டன் என்று நம்மவர் சொல்லும் குளோர்பெனிரமின் குளிசையை, தடிமன், கடி, சொறி எதற்கும் கேட்பாரின்றி விழுங்குகிறோம். முதியவருக்கோ அது மலச்சிக்கலையும் சிறுநீர்த் தடையையும் குழப்பத்தையும் தரும். ஒரு வார இருமலுக்குப்பின் அப்புவுக்குத் திடீரென்று அறளை பெயர்ந்துவிட்டது என்று கவலைப்படும் வீட்டார், இருமலுக்குக் கொடுத்த மருந்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நீரிழிவுக்கான கிளிபென்கிளமைட்டும் அப்பட்டியலில் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவரிடத்தில் அது நெடுநேரம் தங்கிச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

இரவில் அலைபவரைத் தூங்கவைக்கும் மருந்துகளைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்லவேண்டும். மறதி நோயால் பீடிக்கப்பட்டவர் நடுநிசியில் எழுந்து, இல்லாத படகைப் பிடிக்க இறங்குதுறைக்குப் போகவேண்டுமென்று நின்றால், முப்பது பேருக்கு இருவராய் உள்ள பராமரிப்பாளர் களைத்துப்போவது இயல்பே. ஆனால் அவர்களுடைய களைப்புக்கு அவருக்கு மருந்து கொடுப்பது சிகிச்சையாகாது. 2009இல் பேராசிரியர் சுபே பானர்ஜி பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கையில், மறதி நோயுள்ள ஏறக்குறைய 1,80,000 பேருக்கு மனநோய் மருந்துகள் தரப்படுவதாகவும், அவர்களில் 36,000 பேர் அளவுக்கே ஏதேனும் பயன் உண்டாவதாகவும், அம்மருந்துகளால் ஆண்டுதோறும் மேலதிகமாக 1,800 மரணங்கள் நேர்வதாகவும் மதிப்பிட்டார். நோவோ, மலச்சிக்கலோ, சிறுநீர்க் கிருமித் தொற்றோ, பசியோ அவரை எழுப்பியிருக்கலாம். இவற்றைப் பார்த்தபின்னன்றோ மருந்தலுமாரியைத் திறக்கவேண்டும்!

தீவுகளுக்கே உரிய சில இடர்கள் உண்டு. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகு கடல் கொந்தளித்தால் நின்றுவிடும்; ஆகையால் அங்கேயுள்ள முதியவருக்கு மாத மருந்தோடு ஒரு வார மருந்தாயினும் மேலதிகமாக இருப்பது அவசியம். 2020ஆம் ஆண்டின் முடக்க காலத்தில் கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பியபோது, பலரும் அதை ஒரு தற்காலிக உபகாரமாகவே கண்டனர். கடல்சூழ் ஊர்களுக்கு அதை நிரந்தரமாக்குவது பற்றி ஏன் யோசிக்கக்கூடாது என்பது எனது கேள்வி. உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் கடதாசி உறைக்குள் இருக்கும் குளிசைகளைப் பிசுபிசுக்கச் செய்யும். நெஞ்சுநோவுக்கு நாக்கின்கீழ் வைக்கும் ஜி.ரி.என். குளிசையைக் கறுத்தப் போத்தலிலிருந்து எடுத்துப் பொட்டலத்தில் மடித்தால் சில நாளில் வீரியம் இழந்துவிடும். திறந்த கண்துளி மருந்து நான்கு வாரத்தோடு சரி. திறந்த தினத்தை அதன்மேல் எழுதாவிட்டால் ஒருவருக்கும் நினைவிராது. இன்சுலினோ வேறு தினுசு. திறவாத குப்பி 2 பாகை முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்கவேண்டும், ஆனால் உறையக்கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாயிற்று. பானைக்குள் பானை வைத்து நடுவே ஈரமணல் இட்டு, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வைத்தால் பாவனையில் உள்ள இன்சுலினைக் கெடாமல் காக்கலாம் என்பது வெப்பதேசங்களில் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை. ஈரம் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் தணியும்.

விரதங்களையும் மருந்துத் தாளில் எழுதவேண்டும் என்பேன். வெள்ளிக்கிழமை ஒருபொழுது, கந்தசஷ்டி, சிவராத்திரி. ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கருக்குத் தபசுகாலமும் பெரிய வெள்ளியும். இல்லத்துக்கு வந்தபின் ஆச்சிமார் ஆசாரத்தைக் கைவிடுவதில்லை. கைவிடச் சொல்வதும் அழகன்று. ஆனால் இன்சுலினோ கிளிக்லசைட்டோ வழக்கம்போல் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினால் வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பும். முதியவரிடம் அவ்வியர்வையும் நடுக்கமுமின்றி வெறும் தூக்கமாகவே அது தோன்றக்கூடும், தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். விரத நாளை முன்கூட்டி வைத்தியரிடம் சொல்லி அன்றைய அளவை எழுதி வாங்கிக்கொண்டால் விரதமும் நிறைவேறும், உயிரும் தங்கும். அவ்வாறே, பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் தோன்றிய மண்ணில், 1984 முதல் சர்வகலாசாலையே சித்த மருத்துவம் போதிக்கும் மண்ணில், முதியவர் சூரணமோ கஷாயமோ உட்கொள்வது வியப்பன்று. அதை ஒளிக்க வைப்பதுதான் தவறு. மேனாட்டு வைத்தியர் ஏசுவார் என்ற பயத்தால் ஒளிக்கப்படும் லேகியம் ஒரு தாளிலும் இடம்பெறாமல் போகிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் உண்பவர் ஒரு வாரம் கீரையே தொடாமலும் மறுவாரம் முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வேளைக்கு வேளை உண்டும் வந்தால், மருந்தின் அளவு ஒருபோதும் சமப்படாது. அனுபானமும் பத்தியமும் வகுத்த நம் பழைய வைத்தியர்களுக்கு இது புதுமையாய் இருந்திராது.

குளிசையை மறுப்பவருக்கு அதை இடித்துக் கஞ்சியில் கலந்துவிடும் வழக்கத்தை இரண்டு காரணங்களால் ஆராயவேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த நிபெடிப்பின் போன்ற குளிசையை இடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து அழுத்தத்தைச் சரித்துவிடும். இடிக்கத்தக்கதா, பாணி மருந்தாகக் கிடைக்குமா என்று மருந்தாளரைக் கேட்காமல் அம்மியை எடுக்கக்கூடாது. மற்றது, அறிவு தெளிவாயுள்ள ஒருவர் வேண்டாம் என்றால் அது அவருடைய தீர்மானம். அவரை ஏமாற்றி ஊட்ட எவருக்கும் அதிகாரமில்லை. தீர்மானிக்கும் சக்தி அற்றவர் விஷயத்திலும், வைத்தியரும் உறவினரும் கலந்து பேசி, எழுதி வைத்தபின்பே உணவில் கலக்கலாம். பல சமயங்களில் மறுப்பின் காரணம் அற்பமாய் இருக்கும்: குளிசை பெரிது; கசப்பு; தண்ணீர் போதவில்லை; கொடுத்தவள் நின்றபடி அவசரப்படுத்தினாள்.

சில மருந்துகளை நிறுத்தலாகுமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. இஸ்ரவேலில் டொரொன் கார்பிங்கல் என்ற வைத்தியர், மருத்துவமனை முதியோர் பிரிவுகளில் நெடுநாளாய்ப் படுத்திருந்த 119 பேரிடத்தில் 332 மருந்துகளை ஒரு கிரமத்தோடு நிறுத்திப் பார்த்து 2007இல் பலனை எழுதினார். ஓராண்டில் அவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு 21. மருந்து குறைக்கப்படாத மற்றவர்களுள் நூற்றுக்கு 45. இரு கூட்டத்தாரும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்களல்லர். ஆதலால் உயிர் நீடித்தது மருந்தைக் குறைத்ததனால்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நிறுத்தியதால் பெருங்கேடு விளையவில்லை என்பது மட்டும் தெளிவு. நிறுத்துவதும் ஒரு கலை. டயசெபாமைப் பல வாரங்களில் சிறுகச் சிறுகக் குறைக்கவேண்டும். அற்றெனலோலைச் சடுதியாக விட்டால் நெஞ்சுநோவு திரும்பும். ஒரு தடவைக்கு ஒரு மருந்து, வைத்தியரின் கையெழுத்தோடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கிளினிக் வைத்தியர் முன் எல்லா உறைகளையும் எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் கொண்டுபோய்க் கொட்டி, இவற்றில் எது இன்னும் வேண்டியது என்று கேட்பதற்கு இல்லத்தில் பொறுப்பானவர் கூச்சப்படக்கூடாது. கியூவில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்; முணுமுணுக்கட்டும்.

கடைசியாக, ஒருவர் காலமானபின் எஞ்சும் மருந்துகள். தட்டுப்பாட்டுக் காலத்தைக் கண்டவர்களுக்கு இருபது அற்றோவஸ்ராற்றினை எறிய மனம் வராது. அடுத்த கட்டிலின் ஐயாவுக்கும் அதுதானே என்று எடுத்துக் கொடுப்பார்கள். பெயர் மாறிய உறையே நாளைக்கு வேறொரு பிழையின் வித்து. பிரித்தானிய இல்லங்களில், மரணத்தைப் பற்றிக் கேள்வி எழக்கூடும் என்பதால், இறந்தவரின் மருந்தை ஏழு நாள் தனியே வைத்திருந்து பின்னர் மருந்தகத்துக்குத் திருப்புவது வழக்கம். இங்கே அதைக் கிணற்றடியிலோ மலசலகூடத்திலோ கொட்டுவதற்கு மற்றொரு தடையும் உண்டு: தீவுகளின் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய்ச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கியிருப்பது, மேலே ஊற்றியது கீழே போகும், கீழே போனது வாளியில் திரும்பி வரும். எண்ணி, தொகையைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி மருந்தாளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வதே முறை.